உரிமம் நாடு முழுவதற்கும், அலைச்சல் உழைப்பாளிக்கு

(பெங்களூருவில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அரசியல் வகுப்பு என்றதும் ஏகாதிபத்தியம், நிதி மூலதனம், வேளாண் நெருக்கடி போன்ற பெரும் பொருள்களையே எதிர்பார்த்து வருவது இயல்பு. இன்றைய பொருள் அளவில் சிறியது. சட்டைப்பையில் அடங்கிவிடக் கூடியது. ஓர் ஊரிலிருந்து வேறோர் ஊருக்குக் குடிபெயர்ந்த ஒருவர் தமது ஓட்டுநர் உரிமத்தைப் புதிய ஊரில் புதுப்பித்துக்கொள்ளவும், அதில் முகவரியை மாற்றிக்கொள்ளவும் எவ்வளவு அலைய வேண்டியிருக்கிறது, ஏன் அலைய வேண்டியிருக்கிறது என்பதே இன்றைய பொருள்.

இதை அற்பமான விஷயம் என்று ஒதுக்குவோர் உண்டு. காரில் அலுவலகம் செல்லும் ஒருவருக்கு உரிமம் என்பது ஒரு வசதி. அது ஒரு மாதம் இல்லாவிட்டால் அவர் மெட்ரோவில் போவார். ஆட்டோ ஓட்டுபவருக்கும், வாடகைக் கார் ஓட்டுபவருக்கும், இரு சக்கர வண்டியில் உணவுப் பொட்டலம் சுமப்பவருக்கும் அப்படியல்ல. தச்சனுக்கு உளி எப்படியோ, அப்படி ஓட்டுநருக்கு உரிமம். அது கையில் இல்லாத ஒவ்வொரு நாளும் அடுப்பெரியாத நாள். பெங்களூருவில் வாழும் தமிழ் உழைப்பாளிகளில் வண்டி ஓட்டிப் பிழைப்போர் எத்தனை பேர் என்பதை இங்கு அமர்ந்திருப்போருக்குச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு கிளையிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

சட்டம் சொல்வது என்ன?

முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1939ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 1988ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 13ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. இந்தச் சட்டத்தின்கீழ் எந்த அலுவலகம் வழங்கிய உரிமமாயினும் அது இந்தியா முழுவதும் செல்லும். ஆகவே தருமபுரியில் பெற்ற உரிமத்தோடு பெங்களூருவில் வண்டி ஓட்டுவது குற்றமன்று. ஊர் மாறிய காரணத்தால் மட்டும் ஓர் உரிமம் செல்லாததாகிவிடுவதும் இல்லை. இந்த எளிய உண்மையைக்கூட அறியாமல், 'வெளிமாநில லைசென்ஸ்' என்ற மிரட்டலுக்குப் பயந்து பணத்தை இழந்தவர்கள் உண்டு.

உரிமம் காலாவதியாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 15ஆவது பிரிவின்படி, எந்த உரிம அலுவலகமும் எந்த உரிமத்தையும் புதுப்பிக்கலாம். வழங்கிய அலுவலகமே புதுப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அதே பிரிவின் 6ஆவது உட்பிரிவு இன்னும் கவனத்துக்குரியது. புதுப்பித்த அலுவலகம் வேறு, வழங்கிய அலுவலகம் வேறு என்றால், புதுப்பித்த செய்தியைப் புதுப்பித்த அலுவலகமே வழங்கிய அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதாவது அலுவலகம் அலுவலகத்தோடு பேசிக்கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். அந்தப் பேச்சுக்கு உழைப்பாளி தூது செல்ல வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. ஒருவர் தாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாநிலத்தின் எந்த உரிம அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்று 9ஆவது பிரிவு விரிவாக்கப்பட்டது. அதற்கு முன் அவரவர் பகுதி அலுவலகத்துக்கே செல்ல வேண்டியிருந்தது. 25அ என்ற புதிய பிரிவின்மூலம், நாடு முழுவதற்குமான ஓட்டுநர் உரிமத் தேசியப் பதிவேட்டை மத்திய அரசு பராமரிக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. தேசியத் தகவல் மையம் உருவாக்கிய 'சாரதி' கணினித் தளத்தில் உரிமங்களின் விவரங்கள் ஏற்கெனவே சேர்ந்துகிடக்கின்றன. கோரமங்களாவில் கணினி முன் அமர்ந்திருக்கும் ஊழியரால் கிருஷ்ணகிரியில் வழங்கிய உரிமத்தின் விவரத்தைப் பார்க்க முடியும்.

உரிமம் நாடு முழுவதும் செல்லும். எந்த அலுவலகமும் புதுப்பிக்கலாம். அலுவலகங்கள் தமக்குள் செய்தி சொல்லிக்கொள்ள வேண்டும். விவரங்கள் ஒரே தளத்தில் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும் உழைப்பாளி ஏன் அலைகிறார்?

நடைமுறை

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எட்டு ஆண்டுகளுக்கு முன் பெங்களூருவுக்கு வந்து வாடகைக் கார் ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவர் தனி மனிதர் அல்லர். பலரின் அனுபவம் சேர்ந்த ஓர் உருவம். அவருடைய போக்குவரத்து வாகன உரிமம் 2019 திருத்தத்தின்படி ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அந்த நாள் நெருங்குகிறது. மருத்துவச் சான்று பெற்று, விண்ணப்பத்தை நிரப்பி, ஒரு நாள் வேலையை விட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் செல்கிறார்.

அங்கே அவரிடம் முதலில் கேட்கப்படுவது, உரிமம் வழங்கிய ஊரிலிருந்து 'என்.ஓ.சி.' எனப்படும் தடையின்மைச் சான்று. பிற மாநில உரிமத்தோடு வருபவரிடம் இதைக் கேட்கும் வழக்கம் நாட்டின் பல அலுவலகங்களில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. அந்தச் சான்றுக்காக அவர் ஊருக்குப் போக வேண்டும். தருமபுரி சுமார் 130 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். திருநெல்வேலிக்காரராக இருந்தால் 600 கிலோமீட்டருக்கும் மேல். போன நாளில் அதிகாரி இருக்கையில் இல்லையென்றால் மறுபடியும் ஒரு பயணம். பழைய உரிமம் கணினிக் காலத்துக்கு முன் கையால் எழுதித் தரப்பட்ட புத்தகமாக இருந்தால், அதை முதலில் கணினியில் ஏற்ற வேண்டும் என்பார்கள். அதற்குத் தனி வரிசை.

சான்றோடு திரும்பினால் அடுத்த கேள்வி முகவரி. பெங்களூருவில் வசிப்பதற்கான ஆதாரம் எங்கே? ஆதார் அட்டையில் ஊர் முகவரி. வாக்காளர் அட்டையில் ஊர் முகவரி. குடும்ப அட்டையும் ஊரில். இணையத்தில் செய்துகொள்ளலாமே என்பார் ஒருவர். 2021 மார்ச்சில் ஒன்றியப் போக்குவரத்து அமைச்சகம் முகவரி மாற்றம், தேர்வு தேவைப்படாத உரிமப் புதுப்பிப்பு உள்ளிட்ட 18 சேவைகளை ஆதார் சரிபார்ப்பின்மூலம் அலுவலகம் செல்லாமலேயே பெறலாம் என அறிவித்தது. 2022 செப்டம்பரில் அந்த எண்ணிக்கை 58 ஆனது. ஆனால் அந்தக் கதவின் சாவி ஆதார். ஆதாரில் பெங்களூரு முகவரி இல்லாதவருக்கு அந்தக் கதவு திறக்காது. உரிமத்தில் முகவரி மாற ஆதாரில் முகவரி மாற வேண்டும். ஆதாரில் முகவரி மாற வேறோர் ஆவணம் வேண்டும். அந்த வேறோர் ஆவணத்தைத் தேடி அவர் மறுபடியும் தெருவுக்கு வருகிறார்.

உரிமத்தில் முகவரி மாற்றத்துக்கு விதிகளில் உள்ள கட்டணம் 200 ரூபாய்தான். அந்த 200 ரூபாய்க்காக அவர் இழக்கும் வேலை நாள்களின் கூலி, பேருந்துக் கட்டணம், நகலெடுப்பு, நோட்டரி, மருத்துவச் சான்று ஆகியவை எந்த அரசுக் கணக்கிலும் ஏறுவதில்லை. அது உழைப்பாளியின் பையிலிருந்து போகும் கண்ணுக்குத் தெரியாத வரி. மாதச் சம்பளக்காரர் விடுப்பு எடுத்து வரிசையில் நிற்கிறார். ஆட்டோ ஓட்டுநர் வரிசையில் நிற்கும் நாளிலும் வண்டி வாடகையோ கடன் தவணையோ அவர் தலையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

காலம் கடந்துவிட்டால் என்ன ஆகும்? காலாவதிக்குப் பின் 30 நாள்கள் வரை உரிமம் செல்லும் என்று முன்பு இருந்த சலுகையை 2019 திருத்தம் நீக்கிவிட்டது. காலாவதி தேதியிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் ஓட்டுநர் தேர்வை மறுபடியும் எழுந்து நின்று முதலிலிருந்து தர வேண்டும். பழைய சட்டத்தில் இந்தக் கெடு ஐந்தாண்டு. உரிமமின்றி ஓட்டுவதற்கு 181ஆவது பிரிவின்படி அபராதம் 500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகியிருக்கிறது. இவற்றைவிடக் கொடியது விபத்து. செல்லத்தக்க உரிமம் இல்லாத நிலையில் விபத்து நேர்ந்தால், பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைத் தந்துவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள வழி உண்டு. 2004ஆம் ஆண்டில் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இது. சொந்த ஆட்டோ வைத்திருக்கும் ஓட்டுநருக்கு உரிமையாளரும் அவரே. வாழ்நாள் முழுவதும் சம்பாதித்தாலும் அடைக்க முடியாத கடன் அது. புதுப்பிக்கப்படாத ஓர் அட்டை ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிடும்.

முகவரி என்பது சொத்துடைமையின் நிழல்

இந்த அலைச்சலின் நடுவில் நிற்பது 'முகவரிச் சான்று' என்ற ஒரு சொல். அது நடுநிலையான சொல்லன்று. சொந்த வீடு உள்ளவருக்கு மின்கட்டண ரசீதும் சொத்துவரி ரசீதும் தாமாகவே வந்து சேர்கின்றன. வாடகைக்கு இருப்பவர் அந்தச் சான்றை வீட்டு உரிமையாளரிடம் கேட்டுப் பெற வேண்டும். அரசின் முன் ஒருவர் இருப்பதை மெய்ப்பிக்கும் அதிகாரம் இவ்வாறு தனியார் வீட்டு உரிமையாளர் கைக்குப் போய்விடுகிறது.

உரிமையாளர் ஏன் தயங்குகிறார்? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கவே நாடெங்கும் 11 மாத ஒப்பந்தம் என்ற பழக்கம் வந்தது. அந்த 11 மாத ஒப்பந்தத்தைக்கூட முத்திரைத்தாளில் எழுதித் தர எல்லாரும் முன்வருவதில்லை. வாடகை வருமானம் வெளியே தெரிந்துவிடுமோ, குடியிருப்பவர் பின்னாளில் உரிமை கோருவாரோ என்ற அச்சம் ஒரு பக்கம். ஓர் அறையில் நான்கைந்து பேராகத் தங்கியிருக்கும் இளைஞர்களில் ஒப்பந்தம் இருந்தாலும் அது ஒருவர் பெயரில்தான் இருக்கும். கட்டுமானத் தளத்தின் தகரக் கொட்டகையில் இருப்பவருக்கு ஒப்பந்தம் என்ற பேச்சே இல்லை. வாயால் பேசி, முன்பணம் கொடுத்து, மாதாமாதம் கையில் வாடகை தரும் பல்லாயிரம் பேர் இந்த நகரில் உழைக்கிறார்கள். ஆவணங்களில் அவர்கள் இல்லை.

இதற்கும் ஒரு வழி விதிகளிலேயே இருந்து வந்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 4ஆவது விதி, வயதுக்கும் முகவரிக்கும் ஏற்கத்தக்க ஆவணங்களைப் பட்டியலிட்டது. போதிய காரணத்தால் அவற்றில் எதையும் தர இயலாதவரின் நிலையையும் அது கருதிப் பார்த்தது. அத்தகையவர் நிர்வாக நடுவர் அல்லது முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் அல்லது நோட்டரி முன் உறுதிமொழி அளித்துத் தரும் பிரமாணப் பத்திரத்தை அலுவலகம் ஏற்கலாம் என்றது. ஏற்க 'வேண்டும்' என்று சொல்லவில்லை. ஏற்க 'லாம்' என்றது. அந்த ஒரு விகுதியில்தான் அதிகார வர்க்கத்தின் முழு வலிமையும் இருக்கிறது. மறுப்பது அவர்களுக்கு எளிது. காரணத்தை எழுத்தில் தர யாரும் வற்புறுத்துவதில்லை.

தரகர் எங்கிருந்து முளைக்கிறார்?

அலுவலக வாசலில் நிற்கும் தரகரைப் பற்றிப் பேசாமல் இந்தப் பொருள் நிறைவு பெறாது. 'மக்கள் குறுக்கு வழி தேடுகிறார்கள், அதனால் தரகர் இருக்கிறார்' என்பது நடுத்தர வர்க்க அறநெறி. உண்மை வேறு. 2004 அக்டோபர் முதல் 2005 ஏப்ரல் வரை டெல்லியில், உரிமம் பெற விரும்பிய 822 பேரைப் பின்தொடர்ந்து பெர்ட்ராண்ட், ஜான்கோவ், ஹன்னா, முல்லைநாதன் ஆகிய நான்கு பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினர். அது 2007ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அரசுக் கட்டணம் ஏறத்தாழ 450 ரூபாயாக இருக்க, உரிமம் பெற்றவர்கள் சராசரியாகச் செலவிட்டது ஏறத்தாழ 1,120 ரூபாய். அவர்களில் ஏறக்குறைய 71 விழுக்காட்டினர் ஓட்டுநர் தேர்வையே எழுதாமல் உரிமம் பெற்றிருந்தனர். ஆய்வாளர்கள் தனியே நடத்திய தேர்வில் 62 விழுக்காட்டினர் வண்டி ஓட்டும் தகுதி பெற்றிருக்கவில்லை.

அந்த ஆய்வின் மையமான கண்டுபிடிப்பு இதுதான். அதிகாரி நேரடியாகக் கையூட்டுக் கேட்பது அரிது. நேர்வழியில் வருபவரை, அவருக்கு ஓட்டத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், தேர்வில் தவறவிட்டு அலைய விடுவது. அந்த அலைச்சலைத் தாங்க முடியாதவர் தானாகவே தரகரிடம் செல்வது. தரகரின் பணத்தில் ஒரு பங்கு உள்ளே செல்வது. அலைச்சலே அங்கு விற்பனைச் சரக்கு. அலைச்சல் குறைந்தால் சந்தை சுருங்கும். ஆகவே அலைச்சலைக் குறைக்க அந்த ஏற்பாட்டுக்குள் யாருக்கும் ஆர்வம் இருக்காது. ஊர் மாறியவரின் நிலையில் இந்தச் சந்தை இன்னும் செழிக்கும். அவருக்கு மொழி தெரியாது, தெரிந்தவர் இல்லை, திரும்பத் திரும்ப வர நேரமில்லை.

தரகரின் மூலதனம் சட்டத்தைப் பற்றிய அறியாமை. ஒரு சான்று போதும். இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் தனி ஒப்புதல் இல்லாமலே ஓட்டலாம் என்று முகுந்த் தேவாங்கன் வழக்கில் 2017ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் அதை உறுதி செய்தது. இந்தச் செய்தி எத்தனை ஓட்டுநர் நிறுத்தங்களைச் சென்று சேர்ந்திருக்கிறது? சேராத இடத்தில் எல்லாம் 'அதற்குத் தனியாகச் செலவாகும்' என்ற குரல் கேட்கும்.

குடிபெயர்வோரில் இரு வகை

மாநிலம் மாறுவோரின் துன்பம் அரசுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வகையினரின் துன்பம் தெரிந்தவுடன் தீர்வு கிடைக்கிறது. வாகனப் பதிவை எடுத்துக்கொள்ளலாம். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது 47ஆவது பிரிவு. வாகன வரி மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆகவே அங்கே வருவாய்க் கேள்வியும் சேர்கிறது. கர்நாடக அரசு 2014ஆம் ஆண்டின் திருத்தத்தின்மூலம், வெளிமாநில வண்டி 30 நாள்களுக்கு மேல் இருந்தாலே வாழ்நாள் வரி கட்ட வேண்டும் என்றாக்கியது. பெங்களூருவின் தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் குரல் எழுப்பினர், வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செல்லாததாக்கியது.

அதன்பின் 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு 'பி.எச்.' வரிசைப் பதிவெண்ணை அறிவித்தது. செப்டம்பர் 15 முதல் அது நடப்புக்கு வந்தது. இந்த எண் உள்ள வண்டியை எந்த மாநிலத்துக்குக் கொண்டுசென்றாலும் மறுபதிவு வேண்டாம். யாருக்கு? படையினருக்கு, ஒன்றிய மாநில அரசு ஊழியருக்கு, பொதுத்துறை ஊழியருக்கு, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் வைத்திருக்கும் தனியார் நிறுவனங்களின் ஊழியருக்கு. அவர்களுக்குக் கிடைத்ததில் குறையொன்றும் இல்லை. அவர்களும் சம்பளம் வாங்கி வாழ்பவர்களே. ஆனால் நான்கு மாநிலங்களில் கொடி பறக்கும் செயலி நிறுவனத்துக்கு வண்டி ஓட்டும் இளைஞர் இந்தப் பட்டியலில் இல்லை. நிறுவனம் அவரை 'ஊழியர்' என்றே ஒப்புக்கொள்வதில்லை, 'பங்காளி' என்கிறது. நிறுவனத்தின் கிளைகள் நான்கு மாநிலங்களில் இருப்பது அவருக்குப் பயன்படவில்லை.

இன்னோர் ஒப்பீடு. 2015 ஜூலை 3 முதல், ஒரு மாநிலத்தில் வாங்கிய கைப்பேசி எண்ணை மாற்றாமலே வேறு மாநிலத்தில் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம். வாடிக்கையாளர் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, புதிய நிறுவனத்திடம் விண்ணப்பித்தால் போதும். போட்டியில் ஒன்றையொன்று வீழ்த்தப் பார்க்கும் இரு நிறுவனங்கள் அவருக்காகத் தமக்குள் கணக்கை முடித்துக்கொள்கின்றன. பழைய நிறுவனத்தின் வாசலில் சென்று தடையின்மைச் சான்று வாங்கி வா என்று எவரும் சொல்வதில்லை. சந்தைக்குத் தேவையென்றால் எல்லைகள் கரைகின்றன. ஒரே அரசின் ஒரே சட்டத்தின்கீழ் இயங்கும் இரு அலுவலகங்களால் மட்டும் அது ஏன் இயலவில்லை? 27 நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டின் உரிமத்தை மற்ற நாடுகள் ஏற்கின்றன. இங்கே ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் இடையே 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளியைத் தாண்டினால் மற்றோர் உலகம்.

பழைய கதை

குடிபெயரும் ஏழையிடம் சொந்த ஊரின் சான்றைக் கேட்பது புதிய கண்டுபிடிப்பன்று. இங்கிலாந்தில் 1662ஆம் ஆண்டின் குடியமைப்புச் சட்டம், வேறு பங்கிலிருந்து வந்து குடியேறும் ஏழையை அவன் ஊருக்கே திருப்பி அனுப்பும் அதிகாரத்தை உள்ளூராருக்குத் தந்தது. 1697ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சற்றுத் தளர்த்தியது. சொந்தப் பங்கிலிருந்து சான்றிதழ் கொண்டுவந்தால் வேறிடத்தில் தங்கி வேலை செய்யலாம். இன்றைய தடையின்மைச் சான்றின் பாட்டன் அந்தத் தாள்தான். முதலாளித்துவப் பொருளியலின் முன்னோடியான ஆடம் ஸ்மித்தே 1776இல் இந்த ஏற்பாட்டைக் கடுமையாகக் கண்டித்தார். உழைப்பாளி விரும்பிய இடம் செல்லத் தடை இருப்பது அவருக்கு அநீதியாகத் தோன்றியது.

ஜாரின் ரஷ்யாவில் விவசாயி தன் ஊரைவிட்டு வெளியே வேலை தேட உள்நாட்டுக் கடவுச்சீட்டு வேண்டும். அந்தத் தாளைத் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் கையில். லெனின் 1903இல் கிராமப்புற ஏழைகளுக்காக எளிய நடையில் எழுதிய சிறுநூலில், நிலத்தையும் வரியையும் பற்றிப் பேசுவதோடு இந்தக் கடவுச்சீட்டையும் விட்டுவைக்கவில்லை. மக்களுக்கு இடம்பெயரவும் தொழில் செய்யவும் முழுச் சுதந்திரம் வேண்டும், கடவுச்சீட்டு முறை ஒழிக்கப்பட வேண்டும் என்பதைக் கட்சியின் கோரிக்கையாகவே அவர் விளக்கினார். தாள் விவகாரம் அற்பமானது என்று அவர் கருதவில்லை.

இந்திய அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு, நாடெங்கும் தடையின்றிச் செல்லவும், எங்கும் வசிக்கவும் குடியேறவும், எந்தத் தொழிலையும் செய்யவும் குடிமக்களுக்கு உரிமை தந்திருக்கிறது. ஊர் மாறிய ஓட்டுநர் அலைக்கழிக்கப்படும்போது இந்த மூன்று உரிமைகளும் ஒரே நேரத்தில் தேய்கின்றன. எழுத்தில் உள்ள உரிமையை வாழ்வில் உள்ள உரிமையாக்குவது இயக்கத்தின் வேலை.

மொழிப் பிரச்சினையா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தமிழ் ஓட்டுநர் அலையும்போது, 'கன்னடர் அலுவலகம் தமிழரை அலையவிடுகிறது' என்று காதில் ஓதுபவர்கள் வருவார்கள். அது பொய். கலபுரகியிலிருந்தும் ராய்ச்சூரிலிருந்தும் பிழைப்புத் தேடி இதே நகருக்கு வரும் கன்னட உழைப்பாளியும், வாடகை ஒப்பந்தம் இல்லாமல், முகவரிச் சான்றுக்கு இதே வாசலில்தான் நிற்கிறார். ஓசூரின் ஆலைகளுக்கு வேலைக்குச் சென்ற கன்னட ஓட்டுநர் தமிழ்நாட்டு அலுவலகத்தில் இதே கேள்விகளைக் கேட்கிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு இரண்டு மொழியும் தெரியாது. அவர்கள் நிலை இன்னும் மோசம். அலையவிடும் ஏற்பாட்டுக்கு மொழி இல்லை. அலைபவர்களுக்கு வர்க்கம் இருக்கிறது. அதே வேளையில், விண்ணப்பத்தை நிரப்பவும் கேட்பதைப் புரிந்துகொள்ளவும் தேவையான கன்னடத்தைக் கற்றுக்கொள்வது இந்த மண்ணில் உழைக்கும் தமிழ்த் தோழரின் கடமை. தரகரின் தேவையைப் பாதியாகக் குறைக்கவும் அது உதவும்.

செய்ய வேண்டியவை

கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். பிற மாநில உரிமத்தைப் புதுப்பிக்கவும் முகவரி மாற்றவும் விண்ணப்பதாரரிடம் தடையின்மைச் சான்று கேட்கக் கூடாது. சரிபார்ப்பை 15ஆவது பிரிவின் உணர்வுப்படி அலுவலகமே கணினியில் செய்துகொள்ள வேண்டும். முகவரிச் சான்று இல்லாதவரின் பிரமாணப் பத்திரத்தை ஏற்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். தொழிற்சங்கமோ நல வாரியமோ தரும் அடையாளச் சான்றும் ஏற்கப்பட வேண்டும். செயலி வழித் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைக் கர்நாடகம் 2025இல் இயற்றியிருக்கிறது. அதன்கீழ் பதிவு பெறும் தொழிலாளியின் பதிவட்டை முகவரிச் சான்றாகவும் செல்ல வேண்டும் என்று கோருவது முற்றிலும் நியாயம். மறுக்கப்படும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும்.

கையில் இருக்கும் கருவிகளையும் பயன்படுத்த வேண்டும். கர்நாடகத்தில் 2011ஆம் ஆண்டின் சேவை உத்தரவாதச் சட்டம் 'சகாலா' என்ற பெயரில் 2012 ஏப்ரல் முதல் மாநிலமெங்கும் நடப்பில் இருக்கிறது. 11 துறைகளின் 151 சேவைகளோடு தொடங்கிய அதில் போக்குவரத்துத் துறையும் இடம்பெற்றது. குறித்த நாளுக்குள் சேவை கிடைக்காவிட்டால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிக அளவாக 500 ரூபாய் இழப்பீடு கோரலாம். தொகை சிறிது. ஆனால் அந்தத் தொகை தவறிய ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் என்பதால் அதற்கு மேசையில் மதிப்புண்டு. விண்ணப்பம் தரும்போதே சகாலா எண் உள்ள ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். வாய்மொழியாக 'நாளை வா' என்ற பதிலோடு திரும்பினால் சட்டத்தின் பார்வையில் விண்ணப்பமே தரப்படவில்லை என்று பொருள்.

இதில் கீழ்நிலை ஊழியர் எதிரியல்லர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆள் பற்றாக்குறையோடு, நாள் முழுவதும் கூட்டத்தின் கோபத்தை முகத்தில் வாங்குபவரும் அவரே. அவருடைய சங்கத்தோடும் பேசலாம், பேச வேண்டும்.

ஒவ்வொரு கிளையும் இந்த மாதத்திலேயே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். பகுதியில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவரின் பெயர், உரிமம் வழங்கிய ஊர், காலாவதி தேதி, ஆதாரில் உள்ள முகவரி ஆகிய நான்கு பத்திகள். காலாவதிக்கு ஓராண்டுக்கு முன்பே விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே அந்த நாளுக்கு ஆறு மாதம் முன்பே அவர் வீட்டுக் கதவைத் தோழர் ஒருவர் தட்ட வேண்டும். ஆதாரில் முகவரி மாற்றம், மருத்துவச் சான்று, விண்ணப்பம் ஆகிய மூன்றையும் முறையாகச் செய்துகொள்ள உதவ வேண்டும். பத்துப் பேர் ஒன்றாக அலுவலகம் செல்லும்போது, தனியாளிடம் சொல்லப்படும் 'நாளை வா' அவர்களிடம் சொல்லப்படுவதில்லை. அந்தப் பத்துப் பேரில் ஐவர் கன்னடரும் தெலுங்கரும் இந்தி பேசுவோருமாக இருப்பது இன்னும் நல்லது.

மறுக்கப்பட்ட விண்ணப்பங்களின் விவரம் அந்தப் புத்தகத்தின் பின்பக்கங்களில் சேரட்டும். எந்தத் தேதி, என்ன காரணம், எத்தனை முறை அலைந்தார், எவ்வளவு கூலி இழந்தார் என்று எழுதி வைத்தால், அடுத்த மாநாட்டுக்குக் கோரிக்கையோடு ஆதாரமும் வந்து சேரும். அந்தப் புத்தகத்தை யார் வைத்திருப்பது என்பதை இன்று இங்கிருந்து எழுந்து செல்வதற்கு முன் ஒவ்வொரு கிளையும் முடிவு செய்ய வேண்டும்.